தோரியம் காரீயமாகும் வழி

(நாகர்கோவிலில் பொதுமக்களுக்காக ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கதிரியக்கத்தைப் பற்றிப் பேச இந்த மாவட்டத்துக்கு வருகிறவர் வெளியூரிலிருந்து எடுத்துக்காட்டு கொண்டுவர வேண்டியதில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு கைப்பிடி மணல் அள்ளினால் போதும். கறுப்பாக மின்னுவது இல்மனைட். சிவப்பாகத் தெரிவது கார்னெட். இவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு மணிகள் மோனசைட். அந்த மோனசைட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு தோரியம் ஆக்சைடு. இன்று நான் பேச வந்திருப்பது அந்தத் தோரியத்தைப் பற்றி.

ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற மூன்று பெயர்களைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். தேர்வு முடிந்ததும் பலருக்கு அவை மறந்துபோயிருக்கும். ஒரே ஒரு தோரியம் அணுவின் பின்னால் நடந்து போனால், அது காரீயமாக முடிவதற்குள் அந்த மூன்றையும் வழியிலேயே பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்க வேண்டிய தேவை இந்த ஊருக்கு உண்டு. மணலிலிருந்து தாதுவைப் பிரிக்கும் ஆலை பற்றிய கூட்டங்களிலும் தேநீர்க் கடைப் பேச்சிலும் ‘கதிர்வீச்சு’ என்ற சொல் தினமும் அடிபடுகிறது. எந்தக் கதிர், எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது? இந்த மூன்றுக்கும் விடை சொல்லாமல் ஆபத்து என்பவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆபத்தே இல்லை என்பவரும் ஒன்றும் சொல்லவில்லை. இதுதான் என் கட்சி. மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில் மணலின் கதை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாறைகளில் மோனசைட் பொடிப்பொடியாகப் பதிந்து கிடக்கிறது. ஐம்பது அறுபது கோடி ஆண்டுகளுக்கு முன்னால், நிலத்துக்கு அடியில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அந்தப் பாறைகள் உருமாறியபோது உண்டான படிகங்கள் அவை. பாறை வெயிலிலும் மழையிலும் உதிர்ந்தது. வள்ளியாறு போன்ற ஆறுகள் அதைக் கடலுக்குக் கொண்டுவந்தன. அலை, இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு, கனமான தாதுக்களைக் கரையில் விட்டுப் போனது. இன்றும் மழைக்காலத்துக் கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு கரையில் புதிதாகக் கருமணல் படிந்திருப்பதை மீனவர் ஊர்களில் பார்க்கலாம்.

1909இல், இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, இங்கிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் ஆராய்ந்தார். அதில் மோனசைட் இருந்தது. அவருக்கு அதில் என்ன ஆர்வம் என்றால், அன்றைய ஐரோப்பிய நகரங்களின் தெருக்கள் வாயு விளக்கில் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அந்த விளக்கின் சுடரில் ஒளிரும் வலையான மேண்டிலை உருவாக்கியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த அவுவர் ஃபோன் வெல்ஸ்பாக். அதில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. நம் ஊர்க் கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் அதே வகைதான். (இப்போது வரும் மேண்டில்களில் பெரும்பாலும் தோரியத்துக்குப் பதில் இட்ரியம் சேர்க்கிறார்கள்.) ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த வெள்ளை வெளிச்சம் கதிரியக்கத்தால் வந்தது அல்ல. சீரியம் கலந்த தோரியம் ஆக்சைடு கடும் சூட்டிலும் உருகாமல் தகதகவென்று ஒளிரும் என்பதால் வந்தது. சுடரின் நடுவில் மணிக்கணக்காக எரிந்த அந்த வலையில் தோரியம் அணுக்கள் சிதையும் வேகம், கடற்கரையில் குளிர்ந்து கிடக்கும் மணலில் உள்ள வேகத்தைவிட இம்மியும் கூடவில்லை. இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். அணுக்கருவுக்கு வெளியே நடக்கும் எரிதல், கரைதல், உறைதல் எதுவும் உள்ளே இருக்கும் தோரியம் கருவை எட்டுவதில்லை.

தோரியம் கதிரியக்கம் உடையது என்பதை 1898இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்மிட்டும் பாரிஸில் மேரி கியூரியும் தனித்தனியே கண்டார்கள். ஆனால் கதிரியக்கம் என்றால் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு விடை கனடாவில், மான்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அதைக் கொடுத்ததும் தோரியம்தான். யுரேனியமோ ரேடியமோ அல்ல. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு 1898இல் அங்கே பேராசிரியராகப் போனபோது அவருக்கு வயது 27. அவருடைய நண்பர் ஓவன்ஸ், மின்பொறியியல் பேராசிரியர். தோரியம் ஆக்சைடின் கதிரியக்கத்தை ஓவன்ஸ் அளந்தபோது கருவியின் முள் ஒரு நிலையில் நிற்கவில்லை. அறைக்குள் காற்றோட்டம் இருந்தால் ஓர் அளவு, காற்றோட்டம் நின்றால் வேறோர் அளவு. யுரேனியத்தில் இந்தத் தொல்லை இல்லை. காற்று அடித்துக்கொண்டு போகக்கூடிய ஏதோ ஒன்று தோரியத்திலிருந்து கசிகிறது என்று ரூதர்ஃபோர்டு ஊகித்தார். அது ஒரு வாயு, அதுவும் கதிரியக்கம் உடைய வாயு. அதைத் தனியே பிடித்து அளந்தபோது அதன் கதிரியக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியானது. அடுத்த நிமிடத்தில் அந்தப் பாதியில் பாதி. அதற்கடுத்த நிமிடத்தில் அதிலும் பாதி. அரை ஆயுள் என்று இன்று நாம் சொல்வது இப்படித்தான், 1900இல், முதன்முதலாகக் கண்ணுக்குப் புலப்பட்டது.

பிறகு ஃபிரெடெரிக் சாடி என்ற இளம் வேதியியலர் அவருடன் சேர்ந்தார். தோரியம் உப்பைக் கரைத்து அம்மோனியா சேர்த்தால் தோரியம் அடியில் படிந்துவிடும். வடிகட்டிய நீரை வற்றவைத்தால் பாத்திரத்தின் அடியில் மிகச் சிறிதளவு எச்சம் நிற்கும். வியப்பு என்னவென்றால், கதிரியக்கத்தின் பெரும்பகுதி அந்தச் சிறு எச்சத்தில் இருந்தது, தோரியத்திடம் குறைந்துபோயிருந்தது. எச்சத்துக்கு ‘தோரியம் எக்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டு 1901 கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனார்கள். திரும்பி வந்து அளந்தால் எல்லாம் தலைகீழ். தோரியம் எக்ஸ் கதிரியக்கத்தை இழந்திருந்தது. தோரியம் தன் பழைய வலிமையை முழுதாகத் திரும்பப் பெற்றிருந்தது. நாள்தோறும் அளந்து வரைபடம் போட்டார்கள். ஒன்று ஏறத்தாழ நான்கு நாளில் பாதியாகக் குறைந்தது. மற்றது அதே நான்கு நாளில் இழந்ததில் பாதியை மீட்டது. இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்தாற்போல் பொருந்தின.

இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. தோரியம் ஓயாமல் தோரியம் எக்ஸை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. தோரியம் எக்ஸ் ஓயாமல் அந்த வாயுவாக மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு தனிமம் தானாகவே இன்னொரு தனிமமாகிறது. அப்படி மாறும் கணத்தில்தான் கதிர் வெளிப்படுகிறது. நூறு ஆண்டு வேதியியல் ‘நடக்காது’ என்று சொல்லியிருந்த காரியம் இது. இதை ரசவாதம் என்றே தாம் உற்சாகத்தில் கூவியதாகவும், அந்தச் சொல்லை மட்டும் வெளியே சொல்லாதே, நம்மை ரசவாதிகள் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று ரூதர்ஃபோர்டு தடுத்ததாகவும் சாடி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1902இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் அணு பிளவுபடாதது, மாறாதது என்ற நம்பிக்கையை முடித்துவைத்தன. இயற்பியல் வரலாற்றில் இதைவிட அழகான ஆய்வு எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. அதில் இருந்தவை ஒரு வடிதாளும் ஒரு மின்னூட்டமானியும் இரண்டு பேரின் பொறுமையும்தான்.

சரி, அரை ஆயுள் என்பதன் உட்பொருள் என்ன? இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜோடி தாயக்கட்டையைக் கொடுத்து, மணி அடிக்கும்போதெல்லாம் உருட்டச் சொல்வோம். தாயம் விழுந்தவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அடுத்த மணியில் யார் போவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆட்கள் நிறைய இருந்தால், எத்தனை மணிக்கு ஒருமுறை கூட்டம் பாதியாகும் என்பதைக் கணக்காகச் சொல்லிவிடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். பத்து மணிக்கும் தாயம் விழாமல் உட்கார்ந்திருப்பவருக்குப் பதினோராவது மணியில் தாயம் விழும் வாய்ப்பு கூடிவிடுவதில்லை. கட்டைக்கு நினைவு கிடையாது. அணுக்கருவுக்கும் கிடையாது. ஐம்பது கோடி ஆண்டு பாறைக்குள் கிடந்த தோரியம் கருவும், நேற்று உண்டான தோரியம் கருவும் அடுத்த நொடியில் சிதைவதற்கான வாய்ப்பில் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. கருவுக்கு மூப்பு இல்லை. ‘ஆயுள்’ என்று நாம் பேசுவது கூட்டத்துக்குத்தான் பொருந்தும், தனி அணுவுக்கு அல்ல.

தோரியம்-232இன் அரை ஆயுள் 1,405 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். நம் மணலில் உள்ள மோனசைட் உருவான நாளிலிருந்து இன்றுவரை அதிலிருந்த தோரியத்தில் நூற்றுக்கு மூன்று பங்குகூடச் சிதையவில்லை. அந்தச் சிறு பங்கு காரீயமாகி மணிக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. அந்தக் காரீயத்தை அளந்துதான் பாறையின் வயதைக் கணக்கிடுகிறார்கள். ‘இவ்வளவு மெதுவாகச் சிதைவதை எப்படி அளக்க முடியும்?’ என்று கேட்கலாம். ஒரு கிராம் தோரியத்தில் 2.6 கோடி கோடி கோடி அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வாய்ப்பும் எவ்வளவு அற்பமாக இருந்தாலும், நொடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கும். நொடிக்கு ஒரு சிதைவு என்பது ஒரு பெக்கெரல். ஆகவே ஒரு கிராம் தோரியம் 4,000 பெக்கெரல்.

இனி அந்த ஒரே அணுவின் பின்னால் போவோம்.

தோரியம்-232இன் கருவில் 90 புரோட்டான்கள், 142 நியூட்ரான்கள்; இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 232. புரோட்டான்கள் எல்லாம் நேர்மின்சுமை உடையவை, ஒன்றையொன்று தள்ளுபவை. அவற்றைக் கட்டிப்பிடித்திருப்பது அணுக்கரு விசை. அது மிகவும் வலியது, ஆனால் பக்கத்தில் இருப்பதை மட்டுமே பிடிக்கும். மின்விலக்கமோ கருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எட்டும். கரு பெருக்கப் பெருக்கப் பிடிப்பைவிடத் தள்ளல் வேகமாகக் கூடுகிறது. இப்படிப்பட்ட கரு சுமையைக் குறைக்கும் வழி, இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த இறுக்கமான கட்டு ஒன்றை வெளியே எறிவது. அந்தக் கட்டுதான் ஆல்ஃபா துகள். அது ஹீலியம் அணுவின் கருவேதான். 1909இல் ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் மெல்லிய கண்ணாடிச் சுவரின் வழியே ஆல்ஃபா துகள்களை இன்னொரு குழாய்க்குள் சேகரித்து, அதில் மின்சாரம் பாய்ச்சி, ஹீலியத்தின் நிறமாலைக் கோடுகளைக் காட்டினார்கள். மோனசைட்டைச் சூடுபடுத்தினால் ஹீலியம் வெளியேறும். குழந்தைகளின் பலூனில் அடைக்கும் ஹீலியமும் நிலத்துக்கு அடியில் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக எறிந்த ஆல்ஃபா துகள்கள்தான்.

தோரியத்தின் ஆல்ஃபா நொடிக்கு ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. ஆனால் காற்றில் இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே நின்றுவிடுகிறது. ஒரு தாள் போதும் தடுக்க. கனமும் இரட்டை மின்சுமையும் உடைய அது, போகிற வழியில் உள்ள அணுக்களின் எலெக்ட்ரான்களையெல்லாம் பிய்த்து, தன் ஆற்றல் முழுவதையும் மிகக் குறுகிய தூரத்துக்குள் கொட்டிவிடுகிறது. அதன் ஆபத்தும் பயனும் இந்த ஒரே குணத்திலிருந்து வருபவை. பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

இங்கே ஒரு புதிர் உண்டு. தோரியம்-232 எறியும் ஆல்ஃபாவின் ஆற்றல் 4 மெகா எலெக்ட்ரான் வோல்ட். இதே வழியின் கடைசியில் வரும் பொலோனியம்-212 எறியும் ஆல்ஃபாவின் ஆற்றல் 8.8. இரண்டு மடங்குக்குச் சற்றே அதிகம். ஆனால் முன்னதன் அரை ஆயுள் 1,405 கோடி ஆண்டுகள். பின்னதன் அரை ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. விகிதம் எழுதினால் 1-க்குப் பின் 24 சுழியம் வரும். ஆற்றல் இரட்டிப்பானதற்கு இவ்வளவு வேறுபாடா? 1928இல் ஜார்ஜ் காமோவும், தனியே கர்னி, காண்டன் என்ற இருவரும் விளக்கினார்கள். ஆல்ஃபாவைச் சுற்றி ஒரு தடுப்பு இருக்கிறது. அதை ஏறிக் கடக்கும் ஆற்றல் ஆல்ஃபாவுக்கு இல்லை. ஆனால் குவாண்டம் விதிகளின்படி அது தடுப்பை ஊடுருவி வெளியே வருவதற்கு மிகச் சிறிய வாய்ப்பு உண்டு. ஆற்றல் சற்றுக் கூடினால் தடுப்பின் தடிமன் குறையும், வாய்ப்போ கோடிகோடியாகப் பெருகும். குவாண்டம் இயக்கவியல் அணுக்கருவுக்குள்ளும் செல்லுபடியாகும் என்பதற்கு முதல் சான்று இதுவே.

ஆல்ஃபாவை எறிந்த தோரியம் இரண்டு புரோட்டானை இழந்து ரேடியம்-228 ஆகிறது. இப்போது சிக்கல் வேறு: புரோட்டான் எண்ணிக்கைக்கு நியூட்ரான் அதிகம். இதற்குத் தீர்வு பீட்டாச் சிதைவு. கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. அந்தக் கணத்தில் ஓர் எலெக்ட்ரான் பிறந்து, மிகுந்த வேகத்தில் வெளியேறுகிறது. அந்த எலெக்ட்ரான் முன்பே கருவுக்குள் ஒளிந்திருந்தது அல்ல, அப்போதுதான் உண்டாகிறது. ரேடியம்-228 இப்படி ஆக்டினியமாகிறது, ஆக்டினியம் மறுபடி ஒரு பீட்டாவை விட்டுத் தோரியமாகிறது. ஆம், மீண்டும் தோரியம், ஆனால் நான்கு அலகு எடை குறைந்த தோரியம்-228. கீழே இரண்டு படி இறங்கி, மேலே இரண்டு படி ஏறி, புறப்பட்ட தனிமத்துக்கே வந்தாயிற்று. அது ஆல்ஃபா எறிந்தால் வருவது ரேடியம்-224. ரூதர்ஃபோர்டும் சாடியும் ‘தோரியம் எக்ஸ்’ என்றது இதைத்தான்.

பீட்டா, காற்றில் சில மீட்டர் போகும். சதைக்குள் சில மில்லிமீட்டர். அலுமினியத் தகடு தடுத்துவிடும். அதில் ஒரு கணக்கு மட்டும் நீண்ட காலம் உதைத்தது. ஒரே வகைக் கருவிலிருந்து வரும் பீட்டாக்கள் எல்லாம் ஒரே ஆற்றலோடு வரவேண்டும். ஆனால் சில வேகமாக வந்தன, சில மெதுவாக வந்தன. மீதி ஆற்றல் எங்கே? 1930 டிசம்பரில் வுல்ஃப்காங் பவுலி, கண்ணுக்கும் கருவிக்கும் தப்பிப்போகும் மின்சுமையற்ற ஒரு துகள் அதை எடுத்துக்கொண்டு போகிறது என்று கடிதம் எழுதினார். 1956இல் ரைன்ஸும் கோவனும் அதை அணு உலை ஒன்றின் அருகே பிடித்துக் காட்டினார்கள். அதுதான் நியூட்ரினோ. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகத்தால் இந்தப் பெயர் தமிழ்நாட்டில் எல்லோர் காதுக்கும் எட்டியது. நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும் என்று அப்போது பலர் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு இடமில்லை. இந்த நொடியில் சூரியனிலிருந்து வரும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம்மை ஒன்றும் செய்யாமல் கடந்து போகின்றன. மலையைக் குடைவதைப் பற்றிய கேள்வி வேறு. அது நியாயமான கேள்வி, அதற்கு அதற்குரிய விடை வேண்டும். இரண்டையும் கலந்ததால் இரண்டுமே குழம்பின.

பீட்டாவைப் பற்றி இன்னும் ஒன்று. தோரியம்-232 ஒரு நியூட்ரானை விழுங்கினால், அடுத்தடுத்து இரண்டு பீட்டாக்களை விட்டு யுரேனியம்-233 ஆகிறது, அது எரிபொருள். கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய ‘காமினி’ என்ற 30 கிலோவாட் ஆராய்ச்சி உலை அந்த யுரேனியத்தில்தான் ஓடுகிறது. நம் மணலை நாட்டின் அணுசக்தித் துறை பெரிதாக மதிப்பதற்குக் காரணம் இதுவே.

ரேடியம்-224க்கு அடுத்தது, ஓவன்ஸின் கருவியை அலைக்கழித்த அந்த வாயு. ரேடான்-220; தோரான் என்றும் சொல்வார்கள். அரை ஆயுள் 55.6 நொடி. இந்த வழியில் வாயுவாக இருப்பது இது ஒன்றுதான். மணிக்குள் பூட்டிக் கிடக்கும் மற்றவற்றைப்போல் அல்லாமல் இது வெளியே வந்து காற்றில் கலக்கும். உடனே இன்னோர் ஆல்ஃபாவை எறிந்து பொலோனியமாகி, அது கால் நொடிக்குள் இன்னொன்றை எறிந்து காரீயம்-212 ஆகிறது. அந்தக் காரீயம் தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சோடு நுரையீரலுக்குப் போகக்கூடும். மோனசைட் மூட்டைகளை அடுக்கிய, சன்னல் இல்லாத கிடங்கு ஏன் கூடாது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. திறந்த கடற்கரையில் காற்று இதை உடனுக்குடன் கலைத்துவிடும்.

காரீயம்-212 பீட்டா விட்டுப் பிஸ்மத் ஆகிறது. பிஸ்மத்-212க்கு முன்னால் வழி இரண்டாகப் பிரிகிறது. நூற்றுக்கு 64 கருக்கள் முதலில் பீட்டாவையும் பிறகு ஆல்ஃபாவையும் விடுகின்றன. மீதி 36 முதலில் ஆல்ஃபாவையும் பிறகு பீட்டாவையும் விடுகின்றன. இரண்டு வழியும் சேருமிடம் ஒன்றே: காரீயம்-208. அது சிதையாது. ஆறு ஆல்ஃபா, நான்கு பீட்டா; பயணம் முடிந்தது. உலகெங்கும் பாறைகளில் இப்படி வெளியாகும் ஆற்றல் பூமியின் உள்வெப்பத்துக்கு ஒரு பெரும் பங்கைத் தருகிறது. பூமி ஆறிக்கொண்டிருக்கும் உருண்டை என்று வைத்து அதன் வயதை 2 முதல் 4 கோடி ஆண்டுகள் என்று கணித்திருந்தார் கெல்வின் பிரபு. பூமிக்கு உள்ளேயே வெப்பத்துக்கு ஊற்று உண்டு என்று 1904இல் லண்டன் சொற்பொழிவு ஒன்றில் ரூதர்ஃபோர்டு சொன்னபோது கெல்வின் அவையில் அமர்ந்திருந்தார். இன்று நாம் அறிந்த வயது 454 கோடி.

காமாவை இன்னும் சொல்லவில்லை. ஆல்ஃபாவையோ பீட்டாவையோ எறிந்த கரு பெரும்பாலும் உடனே அமைதி அடைவதில்லை. மிகுதி ஆற்றலோடு நிற்கிறது. அந்த மிகுதியை ஒளியாக வெளியிடுகிறது. எக்ஸ் கதிரைவிடவும் பொதுவாக ஆற்றல் மிகுந்த ஒளி. 1900இல் பாரிஸில் பால் வில்லார்ட் இதைக் கண்டார். எடை இல்லை, மின்சுமை இல்லை, தனிமமும் மாறுவதில்லை. பிஸ்மத்தின் இரண்டாம் வழியில் வரும் தாலியம்-208 தன் பீட்டாவை விட்டதும் வெளிப்படும் காமாவின் ஆற்றல் 2.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட். இயற்கையில் பரவலாகக் கிடைக்கும் காமாக்களில் இதுவே மிக வலியது எனலாம். விமானத்திலிருந்தும் ஆழ்துளைக்குள்ளிருந்தும் தோரியம் தேடுகிறவர்கள் இந்த ஒரு காமாவைத்தான் எண்ணுகிறார்கள். ஆல்ஃபாவைப்போல் ‘இவ்வளவு தூரம்தான்’ என்ற எல்லை காமாவுக்கு இல்லை. காலத்தில் அரை ஆயுள் எப்படியோ, காமாவுக்குத் தடிமன் அப்படி. மருத்துவமனையில் பயன்பட்ட கோபால்ட்-60இன் காமாவை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் காரீயம் பாதியாக்கும். இன்னொரு 12 மில்லிமீட்டர் அந்தப் பாதியைப் பாதியாக்கும். முழுவதையும் நிறுத்தும் சுவர் கிடையாது. போதுமான அளவுக்குக் குறைக்கும் சுவர் உண்டு.

இந்த மூன்றைத் தவிரவும் வழிகள் உண்டு. எலெக்ட்ரானுக்குப் பதில் பாசிட்ரானை விடும் கருக்கள் இருக்கின்றன. பெட் ஸ்கேன் அதைக் கொண்டு நடக்கிறது. கரு தானாகவே இரண்டாகப் பிளந்து நியூட்ரான்களைச் சிதறுவதும் உண்டு. தோரியத்தின் பாதையில் இவற்றுக்குப் பெரிய இடமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இனி உடம்புக்கு வருவோம். கதிர் எதுவானாலும் அது செய்யும் கேடு, உயிரணுவுக்குள் எலெக்ட்ரானைப் பிய்த்து மரபுப்பொருளின் இழையை அறுப்பது. வெளியிலிருந்து வரும் ஆல்ஃபா தோலின் மேலுள்ள இறந்த படலத்திலேயே நின்றுவிடும். அதே ஆல்ஃபா மூச்சிலோ உணவிலோ உள்ளே போய்விட்டால், ஒரே அளவு ஆற்றலுக்குக் காமாவைப்போல் இருபது மடங்கு கேடு என்று கணக்கில் வைக்கிறார்கள். காமா நேர் எதிர்: வெளியில் இருந்தே உடம்பு முழுவதையும் எட்டும். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், ஏலத்தில் கழித்துவிட்ட ஆய்வுக் கருவி ஒன்றை உடைத்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டு ஒருவர் உயிரிழந்தார். அவர் எதையும் விழுங்கவில்லை.

இயற்கையிலிருந்து மனிதருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்புக்கு ஏற்படும் பாதிப்பைக் கணக்கிடும் அலகு இது). நம் உடம்பிலேயே பொட்டாசியம்-40 இருக்கிறது. ஒருவர் உடம்பில் நொடிக்கு 4,000க்கு மேல் சிதைவுகள் அதனால் மட்டும் நடக்கின்றன. கன்னியாகுமரிக் கடற்கரையிலும், இதே மணல் கிடக்கும் கேரளத்துக் கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியிலும் நிலத்திலிருந்து வரும் காமா, சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டது. நிலத்தின் காமா கூடிய இடங்களில் புற்றுநோய் கூடியிருப்பதாகத் தெரியவில்லை.

இந்த முடிவை மறைப்பவரும் தவறு செய்கிறார், இதை எல்லாவற்றுக்கும் போர்வையாக்குபவரும் தவறு செய்கிறார். அந்த ஆய்வு கரையில் வாழ்பவர்மேல் படும் காமாவைப் பற்றியது. மோனசைட்டைப் பிரித்துச் செறிவாக்கும் இடத்தில் வேலை செய்பவர் மூச்சில் இழுக்கும் தூசியைப் பற்றியது அல்ல. அங்கே கேள்வி காமாவோடு ஆல்ஃபாவையும் பற்றியது. முகக்கவசம், காற்றோட்டம், சட்டையில் குத்தும் அளவி, நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒரே மாதிரியான பரிசோதனை இவை பற்றியது. கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் காமாவும் தோரானும் எவ்வளவு என்று அளந்து, அந்த எண்களைத் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். அரை ஆயுளும் ஆல்ஃபாவும் கரையோர ஊர் மக்களுக்குப் புரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பருவக்காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துக் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பெக்கெரல் புரியாமல் போகாது.

ஆல்ஃபாவுக்குத் திரும்பி வருகிறேன் என்று சொன்னேன். 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், இருட்டில் ஒளிரும் கடிகார எண்களை ரேடியம் கலந்த வண்ணத்தால் எழுத இளம் பெண்களை அமர்த்தினார்கள். தூரிகையின் நுனியைக் கூர்மையாக்க உதட்டில் வைத்து இழுக்கும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வேதியியல் குணத்தில் ரேடியம் கால்சியத்தின் இனம். உடம்பு அதைக் கால்சியம் என்றே எடுத்துக்கொண்டு எலும்பில் சேர்த்தது. தாளைத் தாண்ட முடியாத ஆல்ஃபா, எலும்பின் உள்ளிருந்து ஆண்டுக்கணக்கில் பாய்ந்தது. தாடை எலும்புகள் உதிர்ந்தன, பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் 1927இல் வழக்குத் தொடுத்தார்கள். 1928இல் இழப்பீடு கிடைத்தது. தொழிற்கூடங்களில் கதிரியக்கப் பாதுகாப்பு விதிகள் உருவாக அந்தப் பெண்களின் வழக்கு ஒரு முக்கியமான காரணம்.

அதே ரேடியத்தின் அதே இரண்டு குணங்களை, எலும்பைத் தேடிப் போவதையும் சில உயிரணுக்களின் தூரத்துக்குள் ஆற்றலைக் கொட்டி நிற்பதையும், இன்று மருத்துவர்கள் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரேடியம்-223 கொண்ட ஊசிமருந்து 2013இல் அனுமதி பெற்றது. அதன் அரை ஆயுள் 11.4 நாள், வேலையை முடித்துவிட்டு விரைவில் தணிந்துவிடும். நம் மணலின் தோரியம் காரீயமாகும் வழியில் வரும் காரீயம்-212ஐயும், புற்று உயிரணுவைத் தேடி ஒட்டும் மூலக்கூறுகளில் கட்டி நோயாளிகளிடம் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அரை ஆயுள் 10.6 மணி நேரம். மருந்தைத் தயாரித்து, நோயாளியின் உடம்பில் செலுத்தி, அது புற்றுக் கட்டியைச் சென்றடைய அவ்வளவு நேரம் போதும். அங்கே சேர்ந்தபின் பிஸ்மத்தாக மாறி எறியும் ஒவ்வோர் ஆல்ஃபாவும் சதையில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் நிற்கும்.